இடது ஓரத்து ஆள்

திரையில் எதிரணி டிஃபெண்டர்கள் இரண்டு பேர், யாருமே இல்லாத ஒரு இடத்தை உயிரைக் கொடுத்துக் காவல் காத்துக்கொண்டிருந்தார்கள்.

கோச் ரிமோட்டை அழுத்திப் படத்தை நிறுத்தினார். முதலாளி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகே போனார். குளியலறைக் குழாய் செய்து விற்றுப் பெரிய ஆளானவர் அவர். கால்பந்து அணியை வாங்கிய பிறகும் உலகத்தைக் குழாயாகத்தான் பார்த்தார். ஒழுகினால் வாஷரை மாற்று, மாற்றியும் ஒழுகினால் குழாயை மாற்று. அன்று அவர் மாற்ற நினைத்த குழாய், அணியின் நட்சத்திரமான அம்பு.

இடது ஓரத்தில் ஓடிய ஓட்டத்துக்காக ரசிகர்கள் வைத்த பெயர் அது. சொந்தப் பெயரை அவனே மறந்திருப்பான். இப்போது வயது முப்பத்தாறு. முதலில் தொடைச் சதை போனது, பிறகு கணுக்கால், பிறகு வலது முழங்கால். இந்த வருஷம் ஆடியதைவிட நொண்டியதுதான் அதிகம். அவனை அணியிலிருந்து விடுவிக்கலாமா என்று கோச்சின் கருத்தைக் கேட்கத்தான் முதலாளி கூப்பிட்டிருந்தார். கோச்சுக்கு என்று தனிக் கருத்து கிடையாது. அது வீட்டில் மனைவியிடம் இருந்தது. அம்பு அவளுடைய கூடப்பிறந்த தம்பி. முழங்காலில் கத்தி வைத்த நாளிலிருந்து அவர்கள் வீட்டு மாடி அறையில்தான் படுத்திருந்தான்.

"ரெண்டு தடியனும் யாரைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறானுங்க?" என்றார் முதலாளி.

"அதைக் காட்டத்தான் சார் இதையே தூக்கிட்டு வந்தேன்."

படம் ஓடியது. நடுவிலிருந்து நம் ஆள் ஒருவன் தலையைக்கூடத் தூக்காமல் பந்தை இடது ஓரத்துக்குத் தட்டிவிட்டான். அங்கே புல்லைத் தவிர ஒன்றும் இல்லை. பந்து கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும். தாண்டவில்லை. கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் மனசு மாறியதுபோல நின்றது. இரண்டு தடியன்களும் ஒரே பக்கம் ஏமாந்து சாய்ந்தார்கள். பந்து அவர்களுக்கு நடுவே புகுந்து, எழும்பி, கோல் முன்னால் ஓடி வந்த நம் ஃபார்வர்டின் நெற்றிக்குப் போய்ச் சேர்ந்தது. கோல்.

"காத்தா இருக்குமோ?"

"இவ்வளவு சுத்தமா கிராஸ் போடுற காத்தா இருந்தா, சம்பளம் குடுத்து வெச்சுக்கலாம் சார்."

முதலாளி சிரிக்கவில்லை. நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

வினை கோச்சின் வாயிலிருந்து வந்தது. ஆட்டத்துக்கு முன் உடை மாற்றும் அறையில் ஆடப் போகிறவர்களின் பெயரை அவர்தான் சத்தமாக வாசிப்பார். பெயர் விழுந்தவன் எழுந்து நிற்க வேண்டும். பல வருஷமாக அந்த வாசிப்பு அம்புவில்தான் தொடங்கும். முழங்கால் போன பிறகு வந்த முதல் ஆட்டத்திலும், வாய்ப் பழக்கத்தில், "அம்பு" என்று தொடங்கிவிட்டார். யாரோ களுக்கென்று சிரித்தான். அடுத்த நொடி, காலியாக இருந்த அம்புவின் இடத்தில் சிமெண்டுத் தரைமேல் பூட்ஸ் ஆணிகள் தட்டும் சத்தம் கேட்டது. உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து நின்றால் கேட்கும் அதே சத்தம்.

அந்த ஆட்டத்தில் ஜெயித்தார்கள். ஜெயித்த அணி காலுறையைக்கூடத் துவைக்காது, பெயரையா விடும்? ஒவ்வொரு தடவையும் பையன்களே, "கோச், முதல் பேர்" என்று எடுத்துக் கொடுத்தார்கள். அதன் பிறகு தோல்வி என்பதே கிடையாது.

"அப்போ விடுவிக்கவே வேணாம்," என்றார் இதையெல்லாம் கேட்டு முடித்த முதலாளி. "நல்லாப் படுத்திருக்கட்டும். மெத்தை பழசா இருந்தா சொல்லுங்க, புதுசு வாங்கித் தர்றேன்."

"சார், இங்க நாம ஜெயிக்க ஜெயிக்க, அங்க அவன் காலு போயிட்டிருக்கு."

"இன்னும் ஒரே ஒரு மேட்ச். ஜெயிச்சா கோப்பை. பேரைத்தான வாசிக்கச் சொல்றேன், உங்களை ஓடவா சொன்னேன்?"

வீட்டில் மனைவி வேறு பாட்டுப் பாடினாள். ஐஸ் பையைத் துணியில் சுற்றியபடியே பேசினாள்.

"மேட்ச் ஆரம்பிச்சா அவனுக்குக் கண்ணு சொருகிடுதுங்க. உலுக்கினாலும் எழுந்திரிக்க மாட்டேங்கறான். மூச்சு வாங்குது. நாய் தூக்கத்துல ஓடுமே, அப்படிப் போர்வைக்குள்ள காலு ஓடுது. எழுந்தா முட்டி பூசணிக்கா மாதிரி நிக்குது. போன வாரம் பாதத்தைத் தொடைச்சேன், சுண்ணாம்புங்க. மைதானத்துக் கோட்டுச் சுண்ணாம்பு. மாடிப்படியே இறங்காதவனுக்கு அது எங்கேருந்து வந்துச்சு?"

கோச் குனிந்து காலணியைக் கழற்றினார்.

"நீங்க கூப்பிடுறீங்க, அவன் போறான். கூப்பிடாதீங்க. உங்க கோப்பையில நான் என்ன, சாம்பாரா ஊத்தி வைக்கப் போறேன்?"

மாடியில் அம்பு காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். நல்ல காரியம் பேசி முடித்த மாப்பிள்ளைபோல ஒரு களை.

"டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கா மாப்ளே?"

"இருக்கு மாமா. இன்னொரு தடவை இப்படி வீங்கினா இந்தக் காலு நடக்கவே ஆகாதுன்னார்."

"பின்ன?"

"நடக்குறதைப் பாக்க எவன் மாமா டிக்கெட் வாங்குறான்?"

கோச் கட்டில் ஓரமாக உட்கார்ந்தார். அம்பு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அங்க எனக்கு எதுவும் வலிக்கல மாமா. இருபது வயசுல எப்படி ஓடினேனோ அப்படி ஓடுறேன். ஒரே ஒரு குறைதான். என்னை யாரும் பாக்க மாட்டேங்கறாங்க. கோல் போட்டவனையே எல்லாரும் தூக்கிக் கொண்டாடுறாங்க, நான் பக்கத்துலயே நிக்கிறேன்." பிறகு கோச்சின் கையைப் பிடித்தான். "கடைசி மேட்ச். வாசிச்சிடுங்க."

கோச் தலையை ஆட்டி வைத்தார். அது ஆமாம் என்பதா, இல்லை என்பதா என்று யாரும் சொல்லிவிட முடியாத ஆட்டல். கல்யாணமான நாளிலிருந்து அவரைக் காப்பாற்றி வந்தது அந்த ஆட்டல்தான்.

ஆட்டத்தன்று அவர் கோல்கீப்பரில் தொடங்கி வாசித்தார்.

"கோச், முதல் பேரை விட்டுட்டீங்க," என்றான் கேப்டன்.

"தெரியும். பதினோரு பேரு இருக்கீங்கல்ல, கிளம்புங்க."

காலியாக இருந்த இடத்தில் சத்தம் எதுவும் எழவில்லை. அந்த அமைதி கோச்சின் பிடரியில் ஈரத்துணிபோல ஒட்டிக்கொண்டது.

வெயில் சாயாத பிற்பகல். எதிரணி ஒழுங்காக நின்று ஆடியது. ஆளில்லாத இடத்துக்கு ஒருவனும் போகவில்லை. நம் பையன்கள் பழக்கத்தில் இடது ஓரத்துக்குத் தட்டிய பந்தெல்லாம் நேராகக் கோட்டைத் தாண்டி விளம்பரப் பலகையில் முட்டியது. இடைவேளைக்குப் பிறகு ஒரு கோல் வாங்கினார்கள். கோச்சுக்கு வருத்தமும் நிம்மதியும் ஒன்றாக வந்தன. எதைக் காட்டுவது என்று தெரியாமல் முகத்தை அப்படியே விட்டுவிட்டார்.

அப்போதுதான் அரங்கத்தில் யாரோ ஒருவன் ஆரம்பித்தான். "அம்பு."

இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். பிறகு ஒரு வரிசை. பிறகு மொத்த அரங்கமும் கால்களைத் தட்டிக்கொண்டு, "அம்பு, அம்பு" என்றது. அவர்களுக்கு எதுவும் தெரியாது. தோற்கும்போது பிள்ளைகள் பெரிய ஆளைக் கூப்பிடுவதில்லையா, அப்படித்தான். கோச் திரும்பி, வேண்டாம் என்று இரண்டு கைகளையும் ஆட்டினார். இன்னும் சத்தமாகக் கத்தச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். கத்தினார்கள்.

எதிரணி டிஃபெண்டர் ஒருவன், நின்ற இடத்தில் நின்றபடியே இடது ஓரத்தைத் திரும்பிப் பார்த்தான். யாரோ தோளில் தட்டியதுபோல. பிறகு அந்தப் பக்கம் ஓடினான். இன்னொருவன் அவன் பின்னால் ஓடினான். விளம்பரப் பலகை வரைக்கும் போய்க்கொண்டிருந்த பந்து, அதற்கப்புறம் கோட்டைத் தாண்டவில்லை.

கோச்சின் சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது.

"பேசிக்கிட்டே இருந்தான். டீ டம்ளரோட கண்ணு சொருகிடுச்சு," என்றாள் மனைவி. அழவில்லை, அவள் அழாமல் பேசினால்தான் அவருக்குப் பயம். "காலு துடிக்குது. கட்டு இறுகிக்கிட்டே வருது, வீங்குது போல. என்னமோ பண்ணுங்க. நீங்கதான கோச்சு."

நீங்கதான கோச்சு. ஆடிக்கொண்டிருக்கும் ஒருவனை நிறுத்த கோச்சுக்கு இருப்பது ஒரே வழி. மாற்று ஆளை அனுப்பி, வெளியே எடுப்பது. அம்புவை இத்தனை வருஷத்தில் அப்படி எடுக்க அவருக்குத் தைரியம் வந்ததில்லை.

கோட்டுக்கு வெளியே எண் பலகையோடு நின்றிருந்த நடுவரிடம் போனார். "எட்டு வெளிய," என்றார். அம்புவின் எண் அது.

நடுவர் கையில் இருந்த தாளைப் பார்த்தார். "உங்க எட்டு இன்னிக்கு ஆடவே இல்லையே சார்."

"ஆடாதவனை வெளிய எடுத்தா உங்களுக்கு என்ன சார் நஷ்டம்?"

நடுவர் வாயைத் திறந்தார். இடது ஓரத்தில் அந்த இரண்டு தடியன்களும் மூச்சிரைக்க, இடுப்பு உயரத்தில் எதையோ மறித்துக்கொண்டிருந்தார்கள். நடுவர் வாயை மூடிக்கொண்டார். அவருக்கும் கண் இருந்தது. தாழ்ந்த குரலில் கேட்டார்.

"உள்ள யாரு? பலகையில ரெண்டு நம்பர் போடணும். ஒருத்தர் போனா ஒருத்தர் வரணும்."

கோச் பெஞ்சைப் பார்த்தார். மாற்று ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்ட ஆரம்பித்தார்கள். எல்லாம் சின்னப் பையன்கள். அந்த இடத்துக்கு யார் பெற்ற பிள்ளையை அனுப்புவது?

"பதினாலு," என்றார். யோசித்துச் சொன்னதில்லை. அந்தக் காலத்தில், பெரும்பாலும் பெஞ்சிலேயே தேய்ந்துபோன அவருடைய சொந்த ஜெர்சியின் எண் அது.

பலகை உயர்ந்தது. சிவப்பில் எட்டு, பச்சையில் பதினாலு. விசில் அடித்தது. ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு இடது மூலையில் இருந்தவர்கள் எழுந்து கைதட்டினார்கள். ஏன் என்று கேட்டிருந்தால் அவர்களுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. அந்தக் கைதட்டல் அங்கேயே நிற்கவில்லை; கோட்டை ஒட்டி, பகுதி பகுதியாக, வெளியே வர மனசில்லாத ஒருவன் நடக்கிற வேகத்தில் நகர்ந்து வந்தது. அது எங்கே வந்ததோ அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். கேப்டன் கையை நீட்டினான். நீட்டிய கை யாரோ பற்றிக் குலுக்கியதுபோல அசைந்தது. உள்ளங்கையைப் பார்த்தான், மெதுவாகத் துடைத்துக்கொண்டான்.

கைதட்டல் கோச்சுக்கு நேரே வந்து நின்றது. பெஞ்சில் இருந்த பையன்கள், யாரும் சொல்லாமலே, ஒருவர் மட்டும் உட்கார இடம் விட்டு நகர்ந்தார்கள். வெறும் காற்றில் பச்சைப் புல்லும் பழைய வியர்வையும் மணத்தன.

"எல்லாரும் பாத்துட்டாங்க மாப்ளே," என்றார் கோச். "போதும். வீட்டுக்குப் போ."

பெஞ்சின் காலடியில் இருந்த தண்ணீர் பாட்டில் ஒன்று விருட்டென்று பறந்து போய் மைதானத்தில் விழுந்தது. கோச்சுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

கைபேசி மறுபடி அதிர்ந்தது. "எழுந்துட்டான். நிக்கிறான். உங்களைத் திட்டுறான், காது குடுத்துக் கேக்க முடியல."

"எந்தக் கால்ல நிக்கிறான்?"

"ரெண்டுலயும்தான்."

ஆட்டம் தோல்வியில் முடிந்தது. கோப்பை அடுத்த ஊருக்குப் போனது. முதலாளி மறுநாளே அம்புவை விடுவித்தார். ஒழுகாத குழாயைக் கழற்றிவிட்டீர்களே என்று கோச்சிடம் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்பு அந்த மாதம் முழுக்கக் கோச்சிடம் பேசவில்லை. ஆனால் நடந்தான். கொஞ்சம் கொஞ்சமாக மாடிப்படி இறங்கினான், கடைக்குப் போய் வந்தான். அவன் அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள்.

புதிய பருவத்தின் முதல் ஆட்டத்தில், எதிரணி டிஃபெண்டர் ஒரே ஒருவன் இடது ஓரத்துக்கு வந்தான். அவனும் பதற்றமில்லாமல், இடுப்பில் கை வைத்து நின்றான். நம் ஆள் அந்தப் பக்கம் பந்தைத் தட்டினான். பந்து நின்றது. தயங்கியது. பிறகு பவ்யமாக உருண்டு போய் எதிரணிக்காரனின் காலடியில் சேர்ந்தது.

பிற்பாடு பதிவைப் போட்டுப் பார்த்தபோது அந்தப் பாஸைக் கோச் உடனே அடையாளம் கண்டுகொண்டார். ஆடிய காலம் முழுக்க அவர் கொடுத்த பாஸ் அதுதான். ஆட்டத்தைத்தான் அவர் பார்க்கவில்லை. விசில் அடித்த கையோடு பெஞ்சிலேயே கண் சொருகிவிட்டது. உதவியாளர் உலுக்கி எழுப்பியபோது எல்லாம் முடிந்திருந்தது.

வீட்டுக்கு வந்தால் காலணி கழலவில்லை. கணுக்கால்கள் இரண்டும் புசுபுசுவென்று வீங்கியிருந்தன. மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். ஐஸ் பையை அம்புதான் கொண்டு வந்தான். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"யாரைக் கேட்டு மாமா உள்ள போனீங்க?"

"அனுப்ப வேற ஆள் இல்லப்பா."

"சரி, வெளிய எப்போ வருவீங்க?"

"வரலாம். நாளைக்கே வரலாம். ஒரு நம்பர் சொல்லணும்." கோச் ஒவ்வொரு எண்ணாக மனசுக்குள் எடுத்துப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடிக் கால் இருந்தது. "என் தம்பியை மறுபடி அனுப்பினீங்கன்னா பாத்துக்கங்க" என்றது மனைவியின் பார்வை. அம்பு, உள்ளே போகும் பச்சை எண்ணில் தன்னையே போடச் சொல்லத் தயாராக இருந்தான். அது அவன் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. கோச் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

"கொஞ்ச நாள் நானே இருக்கேன்," என்றார். "என் காலு என்ன, அதை நம்பி எவன் டிக்கெட் வாங்கியிருக்கான்?"

அம்பு தரையில் உட்கார்ந்து கோச்சின் இரண்டு கால்களையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். ஐஸ் பையை வீக்கத்தின்மேல் மெல்ல உருட்டினான்.

"அரங்கத்துல உக்காந்து பாத்தேன் மாமா. எனக்கு மட்டும் தெரியுறீங்க," என்றான். "என்ன கண்றாவி ஓட்டம் அது. பந்து வர்றதுக்கு முன்னாடியே தலையைத் தூக்கிப் பாருங்க. ஞாயித்துக்கிழமை கோட்டுக்குப் பக்கத்துல நின்னு சொல்றேன், கேட்டு ஆடுங்க."