கரையில் என்ன இருந்தது

ஆங்கில-தமிழ் அகராதி அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. சொல்லுக்கு எழுதும் எடுத்துக்காட்டு கற்பனையாக இருக்கக் கூடாது. எழுதுகிறவர் கண்ணால் கண்டதாக இருக்க வேண்டும். ‘அலூஃப்லி’ (aloofly) என்ற ஆங்கிலச் சொல் வந்தபோது அகராதிக்காரர் யோசிக்கவே இல்லை. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்? ‘பட்டும் படாமலும், ஒட்டாமல்’ என்று பொருள் எழுதி, ‘மருமகள் மாமனாரிடம் ஒட்டாமல் பேசினாள்’ என்று முடித்தார்.

அவர் வீட்டுக்கு வந்த புதிதில் மருமகள் வாயாடிதான். முதல் நாளே, “மாமா, கேட்டுக் கதவச் சாத்திடவா?” என்று கேட்டாள். கேட்டு என்றாலே கதவுதான், எதற்கு இரண்டு தடவை என்று அவர் சாப்பாடு ஆறும்வரை விளக்கினார். அதன்பிறகும் அவள் வாய் திறந்தபோதெல்லாம் ஒரு திருத்தம் விழுந்தது. இப்போது “காபி மாமா”, “சரி மாமா” என்பதோடு சரி. அவளும் மகனும் தனி வீடு பார்க்கிறார்கள் என்று அவர் காதில் விழுந்தது. மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி சுவரோடுதான் பேச வேண்டும். சுவர் தப்பாகக்கூடப் பேசாது.

அன்று இரவுச் சாப்பாட்டில், சாடைமாடையாகக் குத்திக்காட்டலாம் என்று அந்த ‘அலூஃப்’ என்ற சொல்லின் பிறப்பை எடுத்துவிட்டார். அது மாலுமிகள் பேச்சு. காற்று கரைப்பக்கம் தள்ளும்போது, கப்பலின் முகத்தைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி, கரையை விட்டு எட்டியே ஓட்டுவார்களாம்.

“கரையில என்ன இருந்துச்சு மாமா?”

மாதக்கணக்கில் அவள் கேட்ட முதல் கேள்வி. அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. “பாறைம்மா. கிட்டப் போனா மோதிச் சுக்குநூறாயிடும்.”

“அப்போ கப்பல் மேல தப்பில்ல” என்று சொல்லிவிட்டு அவள் ரசத்தை நகர்த்தி வைத்தாள். மகன் தட்டை விட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை.

அவருக்கு உறைக்கக் கொஞ்ச நேரமானது. உறைத்தபோது நன்றாகவே உறைத்தது. மறுநாள் வாக்கியத்தை மாற்றினார்: ‘மாமனார் எதற்கெடுத்தாலும் திருத்தியதால் மருமகள் ஒட்டாமல் பேசினாள்.’ தலைமைப் பதிப்பாசிரியர் அதைத் திருப்பி அனுப்பினார். நீளம் அதிகமாம், முற்பாதியை வெட்டச் சொன்னார். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வாக்கியத்தை வெட்டியவர், தன் குற்றத்துக்காக மல்லுக்கு நின்றார். எடுபடவில்லை. அச்சில் மருமகள் மட்டும் நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சாமான்கள் வண்டி ஏறின. மகன் முன்னால் உட்கார்ந்துவிட்டான். அவள் மட்டும் வாசல்வரை திரும்பி வந்தாள்.

“கேட்டுக் கதவச் சாத்திட்டுப் போறோம் மாமா.”

அவருடைய நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, “சரிம்மா” என்றார்.

அவள் போகவில்லை. வழக்கமாக வரவேண்டியது வருமென்று கதவில் கை வைத்தபடி காத்திருந்தாள். வராமல் போகவே, கிட்டே வந்து அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

“உடம்புக்கு ஏதாவது முடியலையா மாமா?”