பத்மாசனியின் முறை

1

இந்தக் கதை வட்டக்கச்சியில் ஒரு வீட்டு விறாந்தையில் கிடைத்தது. என் தங்கை கிருசாந்தி, ஓட்டிசம் (மதியிறுக்கம்) உள்ள பிள்ளைகளுக்கு விளையாடப் பழக்குகிறவள். விளையாட்டைக்கூடப் பழக்க வேண்டுமா என்று பார்க்கவே அவளோடு போனேன்.

'யதுர்ஷிகா தனக்கென்று ஓர் உலகத்தில்...'

(இது வேண்டாம். அவள் இருந்தது பாயில்.) அந்த வீட்டுப் பிள்ளை, ஆறு வயது. பிளாஸ்ரிக் லொறியைக் கவிழ்த்துவைத்துச் சில்லைச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

2

கிருசாந்தி வெறுங்கோப்பையை உறிஞ்சினாள். "சுடுது," என்று பிள்ளையிடம் நீட்டினாள். யதுர்ஷிகா உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

தாய் பத்மாசனி கதவடியில் நின்றார். "ரீச்சர், குறை நினையாதேங்கோ. இவள் இன்னும் ஒரு சொல்லும் கதைக்கேல்லை. இல்லாத தேத்தண்ணி குடிக்கப் பழக்கி என்ன செய்யிறது?"

(இங்கே தங்கைக்கு ஒரு நீண்ட விளக்கம் எழுதி அழித்தேன். அவள் உண்மையில் சொன்னது இதுதான்:) "சரி அக்கா, தேத்தண்ணி இண்டைக்கு வேண்டாம்."

3

கிருசாந்தி இன்னொரு லொறியைக் கவிழ்த்துவைத்துப் பக்கத்தில் இருந்து சுழற்றினாள். பிள்ளை வேகமாகச் சுழற்றினால் அவளும் வேகமாக; நிறுத்தினால் அவளும். யதுர்ஷிகா கடைக்கண்ணால் பார்த்தாள். வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தாள். பிறகு கிருசாந்தியின் விரலைப் பிடித்துத் தன் சில்லில் வைத்தாள்.

"என்ர முறையோ?" என்று சுழற்றிவிட்டுக் கிருசாந்தி எழும்பினாள். "அக்கா, நீங்கள் வந்து இருங்கோ."

"எனக்கு உதுகள் தெரியாது."

"அவவுக்குத் தெரியும்."

பத்மாசனி பாயில் இருந்தார். உடனே பிள்ளை எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டாள்.

"பாத்தீங்களே?" பத்மாசனி எழும்பப் பார்த்தார். "எப்பவும் இப்பிடித்தான்."

"எழும்பாதேங்கோ. கூப்பிடவும் வேண்டாம்."

காத்திருந்தோம். யதுர்ஷிகா திரும்பி வந்தாள். சில்லைப் பார்த்தாள். தாயின் கையைத் தூக்கி அதன் மேல் வைத்தாள்.

பத்மாசனியால் அரைச்சுற்றுத்தான் சுழற்ற முடிந்தது. பிள்ளை கையை மறுபடி பிடித்து வைத்தாள்.

4

முடிவு (அ): யதுர்ஷிகா "அம்மா" என்றாள்.

இதைப் பத்மாசனிக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன்.

"அவள் சொல்லேல்லை. சொன்னதெண்டு எழுதாதேங்கோ," என்றார். "கையைப் பிடிச்சவள். அதை எழுதுங்கோ."

முடிவு (ஆ): யதுர்ஷிகா வெறுங்கோப்பையை...

இதையும் வெட்டிவிட்டேன்.

மிச்சத்தை நீங்கள் எழுதலாம். அவளை மட்டும் பேசவைத்துவிடாதீர்கள். அது அவளுடைய வேலை.