ஏட்டையா பூட்டிய உப்பு

திங்கட்கிழமை காலையில் காபி டம்ளரை நீட்டிய கணவனைப் பார்த்து ஆனந்தவள்ளி, "எங்க வீட்டுக்காரரு வெளிய போயிருக்காரு. நீங்க பொறவு வாங்க" என்று சொல்லிவிட்டாள். நாற்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்திய சங்கிலிப்பாண்டிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவள் எழுந்திருக்கப் பார்த்துச் சுவரோடு சரிந்தபோதுதான் அது விளையாட்டில்லை என்று அவருக்குத் தெரிந்தது. ஆட்டோவைப் பிடித்துத் தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

அங்கே வயதானவர்களுக்கென்று எட்டுக் கட்டில் போட்ட தனி வார்டு உண்டு. திடீரென்று முடியாமல் போய் வருகிறவர்களை மூன்று நாளைக்குள் தேற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தேறாதவர்கள் திருநெல்வேலிக்கு வண்டி ஏற வேண்டியதுதான். எல்லார் வாயிலும் அதற்கு மூன்று நாள் வார்டு என்றே பெயர்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் டாக்டர் உவைஸ் சங்கிலிப்பாண்டியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, ஆச்சிக்கு ரத்தத்துல உப்பு ரொம்ப இறங்கிட்டு. அதான் ஆளு அடையாளம் தெரியல. சாப்பாட்டுல உப்பு எவ்வளவு சேக்கிய?"

"ஒரு கல்லுகூடச் சேக்கல சார்" என்றார் சங்கிலிப்பாண்டி, பெருமையாக. "ரெண்டு வருஷமாச்சி. பிரஷருக்கு உப்பக் குறைக்கச் சொன்னாவ."

"குறைக்கத்தான சொன்னாவ?"

சங்கிலிப்பாண்டி போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்ற மனுஷர். குறை என்றால் நிறுத்திவிடுகிற ஆள். அப்பளம், நார்த்தங்காய் ஊறுகாய், மோர்மிளகாய் எல்லாம் ஒரே நாளில் அவர் வீட்டைவிட்டு வெளியேறின. உப்பு டப்பா பீரோவுக்குள் போயிற்று, சாவி இடுப்புக்கு வந்தது. அவளுக்கு ஒரு சட்டம் தனக்கு ஒரு சட்டமா என்று அவரும் உப்பில்லாத குழம்பைத்தான் முகம் சுளிக்காமல் தின்றார். அதை அன்பு என்று நினைத்திருந்தார். அன்புதான், யார் இல்லையென்றது?

"அவுங்க சாப்பிடுத பிரஷர் மாத்திரையும் உப்ப வெளிய தள்ளுத மாத்திரை. ரெண்டும் சேந்துக்கிட்டு. மெதுவாத்தான் ஏத்தணும், வேகமா ஏத்துனா மூளைக்கு ஆவாது. வியாழக்கிழமை காலைல பாப்போம்" என்றார் டாக்டர்.

மகன் ராணுவத்தில், எங்கோ பனிக்குள் இருந்தான். இவர்தான் கட்டிலோரத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நர்ஸ் ஜெபஸ்டின் வேளை தவறாமல் வந்து, பெயர் என்ன, எந்த ஊர் என்று ஆனந்தவள்ளியிடம் கேட்பான். இரண்டுக்கும் சரியாகவே பதில் சொல்லிவிடுவாள்.

"இந்தா உக்காந்திருக்காரே, இவரு யாரு ஆச்சி?"

"யாரோ போலீஸுக்காரரு. மீசையப் பாத்தாத் தெரியலையா?"

வார்டே சிரிக்கும். சங்கிலிப்பாண்டியும் சேர்ந்து சிரித்து வைப்பார். வீட்டில் என்றால் அவள் அடுப்படியிலிருந்து ஒரு நாளைக்கு இருபது தடவையாவது "ஏங்க" என்று கூப்பிடுவாள். "என்னட்டி?" என்று எரிந்து விழுவார். அந்த ஒரு "ஏங்க" போதும் இப்போது. எதிர்க்கட்டில்காரரை அவர் மனைவி அப்படிக் கூப்பிட்டபோது இவர் எழுந்தே நின்றுவிட்டார்.

புதன்கிழமை மதியம் ஜன்னல் தகரத்தில் சாரல் விழ ஆரம்பித்தது. ஆனந்தவள்ளி கண்ணைத் திறந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், இன்னும் கொஞ்ச நேரம் நின்னுக்கிடட்டுமா? இப்பத்தான் தலையில தண்ணி விழுது."

அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. சீசன் வந்தால் குற்றாலம் பெரிய அருவியில்தான் அவருக்கு டியூட்டி. கூட்டம் நெருக்கும்போது விசில் அடித்துக் குளிக்கிறவர்களை வெளியேற்ற வேண்டும். கல்யாணமான புதிதில் பக்கத்து வீட்டுப் பெண்களோடு பஸ் பிடித்து அவளும் வந்திருந்தாள். பெண்கள் குளிக்கிற பக்கத்தில் அவளைக் கண்டதும், பெண்டாட்டிக்குச் சலுகை என்று யாரும் பேசிவிடக் கூடாதே என்று இவர் விசிலை இன்னும் ஓங்கி ஊதினார். முதுகு முழுக்க நனைவதற்குள் வெளியே வந்துவிட்டாள். அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. அதற்குப் பிறகு அவள் அருவிக்கே வரவில்லை என்பது, வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர் தூரத்தில் அருவி கொட்டிக்கொண்டிருக்க, இன்றைக்குத்தான் இவருக்கு உறைத்தது.

"எங்க வீட்டுக்காரரும் இங்கனதான் டியூட்டி. பாத்தா ஊதிருவாரு. நீங்க நல்லவுக மாதிரி இருக்கிய" என்றாள் அவள்.

"நில்லும்மா" என்றார். "எவ்வளவு நேரம்னாலும் நில்லு. யாரும் ஊத மாட்டாவ."

அவள் கண்ணை மூடி முகத்தை மேலே தூக்கிக்கொண்டாள். அந்த நல்ல போலீஸ்காரர் மேல் சங்கிலிப்பாண்டிக்குப் பொறாமையாக இருந்தது.

வியாழக்கிழமை காலையில் டாக்டர் உவைஸ் கையில் புது ரத்த முடிவோடு வந்தார். உப்பு ஏறியிருந்தது. ஆனாலும் ஆளைக் கேட்காமல் விடமாட்டார்.

"ஆச்சி, இவரு யாரு?"

ஆனந்தவள்ளி பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். சங்கிலிப்பாண்டி தன்னை அறியாமல் எழுந்து விறைப்பாக நின்றார், மேலதிகாரி முன்னால் நிற்கிற மாதிரி.

"இவரா? எங்க வீட்டு ஏட்டையா" என்றாள். "உப்பப் பீரோவுல பூட்டி வச்சிருக்கவரு."

ஜெபஸ்டின் கைதட்டிச் சிரித்தான். சங்கிலிப்பாண்டி இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தார். அதை அவள் உள்ளங்கையில் வைத்து மூடினார். மாத்திரையை மாற்றி எழுதி, உப்பை அளவாகச் சேர்க்கும்படி சொல்லி, டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

"ஏங்க" என்றாள் ஆனந்தவள்ளி.

"என்னட்டி?" அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"மழ பெய்யுதே. குத்தாலத்துல தண்ணி விழுதா?"

"நல்லா விழுதாம். ஒனக்கு ஒடம்பு தேறட்டும், போவோம்."

அவள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டே கேட்டாள்: "விசில் ஊதுவியளா?"

"நீ எவ்வளவு நேரம்னாலும் நில்லுட்டி. மாத்துச் சேலய வச்சிக்கிட்டு நான் வெளிய நிக்கேன்."