வெறுந்தண்ணீரை ஆற்றியவர்

என் வீட்டுக்காரர் பொன்னுவேலுக்குத் தலைக்கனம் அதிகம். சேர்வராயன் மலைமேல் தலைச்சோலையில் பஸ் நிற்கிற இடத்தில் எங்கள் டீக்கடை. காப்பித் தோட்டத்து ஆட்களையே டீக்கு மயங்க வைத்தவன் என்று தன்னைத்தானே மெச்சிக்கொள்வார். பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவேன். அந்தக் கர்வம் மகளுக்கும் ஒட்டிக்கொண்டதுதான் வினையாகிவிட்டது.

கண்ணம்மாள் சீனாவில் டாக்டருக்குப் படிக்கிறாள். எந்த இலையைக் கொடுத்தாலும் எங்கப்பா நல்ல டீயாக்கிவிடுவார் என்று ஹாஸ்டல் முழுக்கப் பீற்றியிருக்கிறாள். கூடப் படிக்கும் மெய்லினின் அப்பாவுக்கு அங்கே தேயிலைத் தோட்டம். சேர்வராயன் கோயில் திருவிழா பார்க்க எங்கள் ஊருக்கு வந்த மெய்லின், தோட்டத்தின் முதல் பறிப்பை ஒரு சின்ன டப்பாவில் கொண்டுவந்து நீட்டினாள். தைபிங் ஹோகுய் என்று பேராம். இலை ஒவ்வொன்றும் விரல் நீளம், தட்டை, கரும்பச்சை. நான் காய்ந்த புல் என்றே நினைத்தேன்.

இவர் டப்பாவில் இருந்ததில் பாதியை ஒடித்துத் துணி வடிகட்டியில் போட்டு, கொதிக்கக் கொதிக்க ஊற்றி இறக்கினார். மெய்லின் ஒரு வாய் குடித்தாள். மரியாதைக்குச் சிரித்துவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தாள். நானும் குடித்துப் பார்த்தேன். வேப்பங்கொழுந்துக் கசப்பு. கண்ணம்மாளின் முகம் சுண்டிப்போனது. பெஞ்சில் இருந்த வாடிக்கைக்காரர் மாதையன், சீனா இலைக்கு முன்னால் நம் மாஸ்டர் வித்தை பலிக்கவில்லையே என்று கேலி செய்தார். அவர் வாயில் அந்தக் கசப்பையே ஊற்றலாமா என்று எனக்கு வந்தது.

எப்படிப் போடுவது என்று சொல்ல மகள் வாயெடுத்தாள்.

"சொல்லாத கண்ணு. எலையவே கேட்டுக்கறேன்."

மிச்சத்தில் ஓர் இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதன்மேல் துணி நெசவின் தடம் படிந்திருந்தது. சுருட்டாமல் நொறுக்காமல், துணிக்கு நடுவே வைத்து அமுக்கிக் காயவைத்திருக்கிறார்கள். நம் தூள் மெஷினில் அடிபட்டு வந்தது, கொதித்தால்தான் சாறு விடும். இது பச்சை மாறாத முழு இலை, கொதிநீர் பட்டால் கீரை மாதிரி வெந்துபோகும் என்று முணுமுணுத்தார்.

பிறகு வெந்நீரை மட்டும் இரண்டு குவளைகளில் மாற்றி மாற்றி ஆற்றத் தொடங்கினார். பாலும் இல்லை, தூளும் இல்லை. மாதையன் வாய்விட்டுச் சிரித்தார். இவர் சட்டை செய்யவில்லை. ஆவி மட்டுப்பட்டதும் கிளாஸில் இலைகளை நிறுத்தி, ஓரமாக ஊற்றினார். இலைகள் மெல்ல விரிந்து நிமிர்ந்தன. தண்ணீர் இளம்பச்சையானது. காப்பி பூத்த காலையில் மலையெங்கும் வருமே, அதைவிட மெல்லிய ஒரு வாசனை.

மெய்லின் குடித்தாள். அடியில் கொஞ்சம் விட்டு, அதே இலைக்கு மறுபடி தண்ணீர் கேட்டுக் கிளாஸை இரண்டு கையாலும் நீட்டினாள். மகளிடம் ஏதோ சொன்னாள்.

"அவுங்கப்பா கையில குடிச்சாப்பலயே இருக்குதாம்ப்பா," என்றாள் கண்ணம்மாள்.

நானும் ஒரு வாய் குடித்தேன். கசப்பே இல்லை, விழுங்கியபின் தொண்டையில் இனித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த மனுஷனுக்கு இன்னும் கொஞ்சம் தலைக்கனம் இருந்தாலும் தகும் என்று தோன்றியது.

மாதையன் சிரிப்பை விட்டுவிட்டு, தனக்கும் ஒரு கிளாஸ் போடச் சொல்லிக் காசை நீட்டினார். இவர் டப்பாவை மூடினார்.

"இது விக்கறதுக்கில்லீங்க. எம்புள்ள என்னைய நம்பிச் சொன்ன சொல்லுக்குப் போட்டதுங்க."