படத்தில் விழுந்த கல்லீரல்

அந்த ஊர்ப் பெரியாஸ்பத்திரியில் பசித்தவனின் கல்லீரல் ஸ்கேன் படத்தில் விழாது. விலா எலும்பு விழும், பித்தப்பை விழும், கல்லீரல் இருக்க வேண்டிய இடம் மட்டும் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி வெறுமையாக இருக்கும். படத்தில் விழாத கல்லீரலை எந்த டாக்டரும் அறுக்க மாட்டார். அதில் அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

உப்பளத்தில் வேலை பார்த்த எசக்கிமுத்துவுக்குக் கல்லீரலில் கட்டி. டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தே சொல்லிவிட்டார். வியாழக்கிழமைக்குள் அறுத்தால் ஆள் பிழைப்பான். ஆனால் இரண்டு மாதமாக அவன் வயிற்றில் கஞ்சித் தண்ணிகூடத் தங்கவில்லை. மூன்று தடவை படுக்க வைத்தும் படத்தில் ஒன்றும் விழவில்லை.

"மூணு வேளையும் நல்லா சாப்பிட்டுட்டு வரச் சொல்லுங்க," என்றார் படம் எடுக்கும் சேவியர். "ஆனா வெறும் வயித்தோட வரணும். போர்டுல போட்டிருக்கு பாருங்க."

"அது ரெண்டும் எப்படி அண்ணாச்சி முடியும்?" என்றாள் எசக்கிமுத்துவின் பெண்டாட்டி பேச்சியம்மாள்.

"அவருக்குப் பதிலா நீங்க சாப்பிடுங்க. ஒரே தட்டுல சாப்பிட்டுப் பழகுன ஆளுன்னா அவரு கல்லீரலுக்குப் போய்ச் சேர்ந்துரும். அவரு எதுக்க இருந்து பார்க்கணும், அவ்வளவுதான்."

அப்படியே செய்தார்கள். கேன்டீனில் புருஷனை எதிர் நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு மூன்று நாள் அவள் சாப்பிட்டாள். காலையில் பத்து இட்லி. மத்தியானம் சோற்றை மூன்று தடவை வாங்கிப் போட்டுக்கொண்டாள். ராத்திரிக்குப் புரோட்டா. வயிறு வெடிக்கிற மாதிரி இருந்தது. அதைவிடக் கொடுமை, பாவி மனுஷன் பார்த்த பார்வை.

"நல்லா மென்னு தின்னு பிள்ள," என்றான் உதடு காய்ந்துபோய். அவள் அழுதுகொண்டே விழுங்கினாள். கண்ணீர் விழுந்தால் சாம்பாரில் உப்புக் கூடிவிடும் என்று கேன்டீன்காரர் ஒரு துண்டைக் கொடுத்தார்.

புதன்கிழமை படத்தில் விழுந்தது. சும்மா சொல்லக் கூடாது, என்ன ஒரு கல்லீரல்! கொழுகொழுவென்று, ஓரத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டியோடு. டாக்டர்கள் சந்தோஷப்பட்டு உடனே அட்மிஷன் போட்டார்கள், படத்துக்கு. கட்டி அதில்தானே இருக்கிறது. படம் கட்டிலில் படுத்தது. கூடத் துணைக்கு வந்தவன் என்ற முறையில் எசக்கிமுத்து கட்டிலுக்கு அடியில் பாயில் கிடந்தான். வேளாவேளைக்குப் படத்துக்குப் பாலும் ரொட்டியும் வந்தன. துணைக்கு இருப்பவர்களுக்கு அதெல்லாம் கிடையாது.

"சிஸ்டர், நோயாளி கீழ கெடக்காரு," என்றாள் பேச்சியம்மாள்.

"மேல இருக்கவருதான் நோயாளி. கீழ இருக்கவரைக் கொஞ்சம் காலை மடக்கிக்கிடச் சொல்லுங்க. நடக்க இடிக்குது."

வியாழக்கிழமை காலையில் படத்தை அறுத்துக் கட்டியை எடுத்து ஆறு தையல் போட்டார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் வந்து சொன்னபோது, அவள் பிடித்திருந்த எசக்கிமுத்துவின் கை சில்லிட்டுப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

இரண்டு பேரையும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். தெருவே திரண்டு வந்தது. "அண்ணாச்சி தேறிட்டாராமே, மைனி!" என்று பக்கத்து வீட்டு மாடத்தி, தரையில் கிடந்தவனைத் தாண்டிப் போய்ப் படத்தின் பக்கத்தில் ஆரஞ்சுப் பழங்களை வைத்தாள். பேச்சியம்மாளுக்கு அடிவயிற்றிலிருந்து அழுகை கிளம்பியது. வாயைத் திறந்தாள். மாடத்தி ஓடி வந்து பொத்தினாள்.

"தேறுன ஆளு இருக்கிற வீட்டுல அழக் கூடாதுல்லா."

அந்தத் தெருவில் அதுதான் வழக்கம். சாயங்காலம் நாலு பேர் பேசாமல் எசக்கிமுத்துவைத் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்து, படத்திடம் சுகம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் பின்தெருவில் ஒரு வெள்ளாடு செத்துப்போனது. செய்தி கேட்டதும் பேச்சியம்மாள் தலைமுடியை அவிழ்த்துக்கொண்டு ஓடினாள். வாசலில் ஆட்டைக் கிடத்தி மாலை போட்டிருந்தார்கள். சுற்றிலும் பதினோரு பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அத்தனை பேர் வீட்டிலும் இப்படித்தான் ஆள் தேறியிருந்தது. ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள். பேச்சியம்மாள் உட்கார்ந்து, ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லாத புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.