இடுப்பளவு என்று சொன்னார்கள்

காரைக்காலின் பழைய வெள்ள வரைபடத்தில் கோவில்பத்து இன்னும் வயலாகவே இருந்தது. அங்கே இப்போது மாடி வீடுகளும் மருந்துக்கடையும் பைக் ஒர்க்‌ஷாப்பும் வந்துவிட்டன. ஐப்பசி மழையில் தண்ணீர் மட்டும் வரைபடத்தைப் பார்க்காமல் தனக்குத் தெரிந்த வழியில் வந்து போனது.

புதிய வரைபடம் போட வெளியிலிருந்து பொறியாளர்களை அமர்த்துவது என்று முடிவானபோது, வேலைக்கான நிபந்தனைகளை எழுதும் பொறுப்பு கிறிஸ்டிக்கு வந்தது. அவள் அரசின் பொதுப்பணி அலுவலகத்தில் இளநிலைப் பொறியாளர். நிபந்தனைகளில் பெரும்பகுதியைப் பழைய கோப்புகளிலிருந்துதான் எடுத்தாள். இரண்டு மட்டும் அவளுடையவை. ஆறு பெருகும் நேரத்தில் கடலும் ஏற்றத்தில் இருப்பதாக வைத்துக் கணக்குப் போட வேண்டும் என்பது ஒன்று. தண்ணீர் எவ்வளவு நின்றது என்பதை யாரோ சொன்னதாக எழுதக் கூடாது, சுவரில் கறையைத் தேடி லெவல் மெஷின் வைத்து அளக்க வேண்டும் என்பது இன்னொன்று. இவ்வளவு வருட உத்தியோகத்தில் தானாக யோசித்து எழுதிய வரிகள் இவை இரண்டும்தான் என்று அவளுக்கே தோன்றியது. தட்டச்சான பிறகும் ஒருமுறை அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

மூன்று நிறுவனங்கள் வந்து பேசின. முதல் இரண்டும் கடல் ஏற்றத்தைப் பற்றி அவள் கேட்டதற்கு, "வழக்கமான முறைப்படி செய்வோம்" என்றன. மூன்றாவது சென்னை நிறுவனம். அதன் சார்பில் எழுந்து நின்றவள் இஃபாத்.

கல்லூரியில் நான்கு வருடம் கிறிஸ்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்தவள். காரைக்கால்காரி. கணவர் துபாயில். திருமணத்துக்குப் பிறகு வேலையை விட்டு, குழந்தை பள்ளிக்குப் போனதும் திரும்பவும் வேலையில் சேர்ந்து, இளையவர்களுக்குக் கீழே உட்கார்ந்து கற்றுக்கொண்டு மேலே வந்தவள். அவள் படம் போட்டு விளக்கினாள். கடல் ஏறி நிற்கும்போது ஆற்றுத் தண்ணீர் முகத்துவாரத்தில் வெளியேற முடியாமல் எப்படிப் பின்வாங்கி ஊருக்குள் வரும் என்று காட்டினாள்.

"அளவெல்லாம் மெஷின் வச்சுத்தான் எடுப்போம். அதுல மாத்தமே கிடையாது" என்றாள்.

நிறுவனங்களுக்கு மதிப்பெண் போடும் முன் கிறிஸ்டி செயற்பொறியாளர் சிவராமனிடம் சொன்னாள். "சார், இஃபாத் என் கிளாஸ்மேட். நான் மார்க் போடலாமா?"

அவர் சிரித்தார். "காரைக்கால்ல யாருக்கும்மா யாரைத் தெரியாது? அந்த ரெண்டாவது கம்பெனிக்காரர் என் சகலைக்குச் சகலை. போடுங்க, போடுங்க."

வேலை சென்னை நிறுவனத்துக்குக் கிடைத்தது.

கள ஆய்வுக்கு இருவரும் சேர்ந்தே கடலோர மீனவ ஊரான திருவேட்டக்குடிக்குப் போனார்கள். முதலில் வீடு வீடாகக் கேட்டு வைத்துக்கொள்வது, எந்தெந்த வீடுகளில் கறை இருக்கிறது என்று குறித்துக்கொள்வது, பிறகு மெஷினோடு ஆட்கள் வந்து அளப்பது என்று ஏற்பாடு. அந்த ஊரில் கிறிஸ்டிக்கு வழிகாட்ட அஞ்சுகம் இருந்தாள். தலத்தெருவில் கிறிஸ்டியின் வீட்டு வாசலில் பல வருடங்களாக மீன் கூடையை இறக்குபவள்.

"முழங்காலுக்கு மேல தண்ணி நின்ன இடமெல்லாம் வரைபடத்துல செவப்பா வரும்க்கா" என்று கிறிஸ்டி அவளுக்கு விளக்கினாள். "செவப்புல வர்ற ஊருக்குத்தான் முதல்ல ரோட்டை ஒசத்துவாங்க. மழைக்குத் தங்குற கட்டடமும் ஒசரமா கட்டுவாங்க."

"ரேஷன் கார்டு மாதிரியா தங்கச்சி? செவப்புன்னா கெடைக்கும், மஞ்சள்னா பட்டை நாமம்."

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"அப்ப எங்கள செவப்புல போட்டுடு. போன மழைக்குப் பேத்தியைத் தூக்கிக்கிட்டு கோட்டுச்சேரி பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன் பாரு, அந்த நடை இன்னொருவாட்டி முடியாது."

"போடுவோம்க்கா" என்றாள் கிறிஸ்டி. அந்த வார்த்தையைச் சொல்லும்போது பக்கத்தில் இஃபாத் நின்றாள். அவளும் தலையாட்டினாள். அஞ்சுகம் இருவருக்கும் நெத்திலி வறுத்துக் கொடுத்தாள்.

தெரு முழுவதும் ஒரே பதில்தான் வந்தது. "இடுப்பளவு." கேட்பதற்கு முன்பே கை இடுப்புக்குப் போனது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் நிவாரணக் கணக்கெடுக்க ஆட்கள் வருவார்கள். முழங்கால் என்று உண்மையைச் சொன்னவர்கள் விடுபட்டுப் போனதும், இடுப்பு என்று சொன்னவர்களுக்குக் கிடைத்ததும் ஊருக்கு மனப்பாடம். கிறிஸ்டிக்கும் தெரியும். மெஷின் வேண்டும் என்று அவள் எழுதியதே அதனால்தான்.

அன்று மதியம் இஃபாத்தைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். கொடுவா மீன் குழம்பு. வெயிலில் அலைந்த களைப்பும் பசியும் சேர்ந்து எதற்கெடுத்தாலும் சிரிப்பு வந்தது. இஃபாத் எழுந்து நின்று, இடுப்பில் கைவைத்து, "இதோ இம்புட்டுத் தண்ணீம்மா" என்று நடித்துக் காட்டினாள்.

"எங்க சனம் இடுப்புன்னு சொன்னா நீ முழங்காலுன்னு எழுதிக்கடி" என்றாள் கிறிஸ்டி. "நிவாரணத்துக்கு ஆள் வந்தாச்சுன்னு நெனச்சிருப்பாங்க."

இஃபாத்துக்குப் புரையேறியது. கிறிஸ்டி அவள் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள். கண்ணில் நீர் வழிய இருவரும் சிரித்தார்கள். நீண்ட நாளைக்குப் பிறகு தன் வீட்டுச் சமையலறையில் தான் சத்தமாகச் சிரித்ததாக அன்றைக்குக் கிறிஸ்டி நினைத்துக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து வரைவு வரைபடம் வந்தது. கூட்ட அறையில் திரையில் காரைக்கால் விரிந்தது. கோவில்பத்தின் ஓரம் சிவப்பு. நகரத்தில் ஆற்றங்கரை சிவப்பு. திருவேட்டக்குடி மஞ்சள்.

கிறிஸ்டி முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள்.

"திருவேட்டக்குடிக்கு லெவல் என்ன வந்துச்சு?" என்று கேட்டாள்.

இஃபாத் திரையைப் பார்த்தபடியே பதில் சொன்னாள். "அங்க வாய்மொழி அளவைத்தான் எடுத்திருக்கோம். சொன்னதுல பாதி. உள்ளூர் பொறியாளர் ஆலோசனைப்படி."

சிவராமன் நிமிர்ந்தார். "எந்த உள்ளூர் பொறியாளர்?"

"கிறிஸ்டி மேடம்தான் சார்."

எருமை, கிறுக்கி, மண்டு என்று எத்தனையோ பெயரில் இஃபாத் அவளைக் கூப்பிட்டிருக்கிறாள். மேடம் என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அந்த ஒரு சொல் அவளை இஃபாத்தின் பக்கத்து இருக்கையிலிருந்து தூக்கி எதிர்ப்பக்கம் உட்காரவைத்தது. அவமானம் கூட மெதுவாகத்தான் வந்தது. முதலில் வந்தது ஒரு விதமான குளிர். தன் வீட்டுக்குள் யாரோ நுழைந்து, எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு, கதவை ஒழுங்காகச் சாத்திவிட்டுப் போயிருப்பதைப் பார்ப்பது போல.

"டீ குடிச்சிட்டு வந்துடலாம்" என்று சிவராமன் எழுந்தார்.

வராந்தாவில், வாட்டர் கூலருக்குப் பக்கத்தில், கிறிஸ்டி அவளை நிறுத்தினாள்.

"என்னடி இது?"

"எங்க கம்பெனில லெவல் எடுக்க ஆள் அனுப்ப மாட்டேன்னுட்டாங்க கிறிஸ்டி. டவுனுக்கு எடுத்ததோட டீமைத் திருப்பிக் கூப்பிட்டுட்டாங்க. மார்ச்சுக்குள்ள முடின்னு ஒரே நெருக்கடி. சொன்ன இடுப்பளவை அப்படியே போட்டா ஏன் அளக்கலன்னு கேப்பாங்க. ஏதாவது ஆதாரம் வேணும். நீ சொன்னது இருந்துச்சு."

"சோத்துல கையை வச்சுக்கிட்டு சொன்னதுடி அது."

"பொய்யா சொன்ன?"

பொய் இல்லை. ஆனால் உண்மையும் இல்லை. அது இரண்டுக்கும் வெளியே, இருவருக்கு மட்டும் சொந்தமான ஓர் இடத்தில் சொன்னது. அந்த இடம் இருக்கிறது என்று கிறிஸ்டி மட்டும் நம்பியிருக்கிறாள்.

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே" என்றாள்.

"பண்ணா வேணாம்னு சொல்லுவ."

"அப்ப தெரிஞ்சுதான் செஞ்ச."

இஃபாத் தலையிலிருந்த துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள். கல்லூரியில் விடை தெரியாத கேள்வி வந்தால் செய்வதைப் போலவே. "உன் பேரைப் போட்டா நீ எதிர்த்துப் பேச மாட்டன்னு நெனச்சேன்" என்றாள். மிகவும் மெதுவாகச் சொன்னாள். அதில் வருத்தமும் இருந்தது. அதுதான் கிறிஸ்டியால் தாங்க முடியாததாக இருந்தது. யாரோ முகம் தெரியாதவள் ஏமாற்றியிருந்தால் கோபப்பட்டுவிட்டுப் போயிருக்கலாம். இவள் தன்னை முழுவதுமாக அறிந்தவள். தான் எங்கே பயப்படுவோம், எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வோம் என்று தெரிந்துவைத்து, சரியாக அந்த இடத்தில் கால் வைத்திருக்கிறாள். இத்தனை வருட நட்பு அவளுக்குக் கற்றுக்கொடுத்தது இதைத்தான்.

கூட்டம் மீண்டும் தொடங்கியதும் சிவராமன் நேராகவே கேட்டார். "நீங்க சொன்னதுதானாம்மா?"

இல்லை என்று சொன்னால் இஃபாத்தின் வேலை போகும். ஆமாம் என்று நிறுத்திக்கொண்டால் திருவேட்டக்குடி மஞ்சளிலேயே இருந்துவிடும்.

"சொன்னேன் சார். என் வீட்டுல சாப்பிடும்போது சொன்னேன். அது அளவு இல்ல, கிண்டல்."

யாரோ சிரித்தார்கள். சிவராமன் சிரிக்கவில்லை. "மார்ச்சுக்குள்ள இதை அனுப்பலைன்னா மொத்த வேலையும் அடுத்த வருஷத்துக்குப் போயிடும். கிண்டலோ, என்னமோ, அனுபவத்துல சொன்னதுதானே? அப்படியே விட்டுடலாமே."

"மெஷின் வச்சு அளக்கணும்னு நிபந்தனை இருக்கு சார். நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

எதிரே இஃபாத் மடிக்கணினியின் விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நீங்களே போய் அளந்துட்டு வாங்க" என்றார் சிவராமன் எரிச்சலோடு. "வெள்ளிக்கிழமைக்குள்ள. ஆள் கேக்காதீங்க, என்கிட்ட இல்ல."

படியிறங்கும்போது இஃபாத் பின்னால் வந்து, "கிறிஸ்டி" என்று கூப்பிட்டாள். இப்போது மேடம் இல்லை. கிறிஸ்டி திரும்பவில்லை. திரும்பினால் மன்னித்துவிடுவோம் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் அலுவலக ஜீப்பில் லெவல் மெஷினையும் முக்காலியையும் ஸ்டாஃப் என்கிற நீண்ட அளவுகோலையும் ஏற்றிக்கொண்டு திருவேட்டக்குடிக்குப் போனாள். அந்த அளவுகோலை நேராகப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அஞ்சுகம் தானாகவே முன்வந்தாள்.

"குடு தங்கச்சி. வல புடிக்கிற வீட்டுக்காரிக்கு இந்தக் குச்சி பெரிசா?"

தெருமுனையில் உயரம் குறித்து நட்டிருந்த அளவுக்கல்லிலிருந்து தொடங்கி ஒவ்வொரு வீடாக வந்தார்கள். முதல் வீட்டில் கறை முழங்காலுக்குக் கீழே நின்றது. அடுத்த இரண்டில் மேலே. அஞ்சுகத்தின் வீட்டுக்கு வந்ததும் அவள் உள்ளே போய், காலண்டருக்குக் கீழே சாய்த்து வைத்திருந்த பாயை நகர்த்தினாள். சுண்ணாம்பு பழுப்பேறி ஒரு கோடு ஓடியது. அஞ்சுகம் அதன் பக்கத்தில் நின்றாள். கோடு அவள் இடுப்புக்கு எட்டவில்லை. முழங்காலிலும் நிற்கவில்லை. தொடையின் நடுவில் இருந்தது.

அஞ்சுகம் கொஞ்சம் அசடு வழியச் சிரித்தாள். "இடுப்புன்னுதான் சொன்னேன். எங்க நாத்தனா உள்ளதைச் சொல்லி ஒண்ணும் கெடைக்காம நின்னதைப் பாத்தேன்ல."

"இதுவே போதும்க்கா. இது செவப்புதான்."

"அப்புறம் ஏன் தங்கச்சி மறுபடியும் வந்து அளக்குற? அன்னைக்கே எழுதிக்கிட்டுப் போனீங்களே. அந்தப் பொண்ணு எங்க, உங்கூடப் படிச்சது? நெத்திலி நல்லாருக்குன்னு ரெண்டாவதுவாட்டி வாங்கித் தின்னுச்சே."

கிறிஸ்டி மெஷினைத் துடைத்தாள். ஏதாவது ஒன்றைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் சொல்லாமல் விட்டால், தனக்கு நடந்ததையே இவளுக்கும் செய்ததாக ஆகிவிடும் என்று தோன்றியது. எல்லாவற்றையும் சொன்னாள். இஃபாத் பாதியாகக் குறைத்ததை. வரைபடத்தில் ஊர் மஞ்சளாக வந்ததை. அந்தப் பாதி எங்கிருந்து வந்தது என்பதையும்.

அஞ்சுகம் கேட்டுக்கொண்டே இருந்தாள். வெளியே யாரோ வலை உலர்த்த மூங்கில் நட்டுக்கொண்டிருந்த சத்தம் வந்தது.

"சாப்பிடும்போது எங்களைப் பத்திச் சிரிச்சீங்களா?" என்றாள்.

"விளையாட்டுக்குச் சொன்னதுதான்க்கா."

"நான் கொண்டாந்த மீனா?"

கிறிஸ்டி ஆமாம் என்று தலையசைத்தாள்.

அஞ்சுகத்தின் முகத்தில் கோபம் எதுவும் வரவில்லை. வந்திருந்தால் கிறிஸ்டி அதைத் தாங்கியிருப்பாள். ஏதோ ஒன்றை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தவளைப் போல அவள் நிதானமாகப் பாயைப் பழைய இடத்தில் சாய்த்தாள். பிறகு அளவுகோலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"இப்ப செவப்புல வந்துடுமில்ல?"

"வந்துடும்க்கா. நானே கையெழுத்துப் போடுறேன்."

"சரி" என்றாள் அஞ்சுகம். அடுத்த வீட்டுச் சுவரோரம் போய் அளவுகோலை ஊன்றி, அசையாமல் நேராகப் பிடித்தாள். பார்வை கிறிஸ்டியின் மேல் இல்லை.

"பாத்து எழுதிக்கங்க, மேடம்."