மாப்பிள்ளை இடத்துக் கத்தி

பெய்கிற மழைக்கு யாரும் வரமாட்டார்கள் என்று நம்பிக் காலை நீட்டியிருந்தேன். மூன்று பேர் வந்து நின்றார்கள்.

பழைய கத்திகளுக்கு வயது சொல்லும் இந்தத் தொழில் எனக்கு அலுத்துவிட்டது. எங்கள் ஜாவாவின் சோலோ நகரில் கிரிஸ் என்கிற குறுவாள் வைத்திருக்கும் எவனைக் கேட்டாலும், அறுநூறு வருடத்துக்கு முந்தைய மஜபாகித் ராஜா காலத்தது என்பான். அந்தக் காலத்துக் கொல்லர்கள் சோறு தண்ணி இல்லாமல் அடித்திருந்தாலும் இத்தனை கத்தி தேறாது. பாதிக்கு மேல் அமிலத்தில் ஊறி, உப்பு மண்ணில் புதைந்து எழுந்து வந்தவை. உள்ளதைச் சொன்னால் என்னைத் திட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போவார்கள்.

வந்தவர்களில் மூத்தவள் சுகார்ஸி, எண்பதை நெருங்கும் வயது. கூட மகள் வினார்த்தி. தள்ளி நின்று செருப்புச் சேற்றை உதறியவர் பெரிய வீட்டு ஹர்தோனோ; ராடன் என்பது அந்தப் பிரபுக் குடும்பத்துப் பட்டம். காலமான அவருடைய பெரியப்பாதான் சுகார்ஸியின் கணவர். கணவர் என்று சொல்லலாமா என்பதுதான் வழக்கே.

பெரிய வீட்டு ஆண்கள் சாதாரண வீட்டுப் பெண்ணைக் கட்டும்போது, தாங்கள் வராமல் பரம்பரைக் கிரிஸை அனுப்புவது அந்நாளில் உண்டு. மாப்பிள்ளை இடத்தில் கத்தி இருக்கும். பக்கத்தில் பெண் உட்காருவாள். சுகார்ஸிக்கும் அப்படித்தான் கல்யாணம் ஆயிற்று.

"செத்தா அவர் பக்கத்துலதான் அடக்கம் பண்ணணும்னு அம்மா ஒத்தக் கால்ல நிக்கிறாங்கய்யா," என்றாள் வினார்த்தி.

"நானா மாட்டேங்கறேன்?" என்றார் ஹர்தோனோ. "எங்க வீட்டுக் கத்தின்னா எரநூறு வருஷமாவது இருக்கும். பழசுன்னு நீங்க சொல்லுங்க, இடம் தர்றேன். புதுசுன்னா அது கல்யாணமே இல்ல. பெரியப்பாவோட சின்ன வீடு, அவ்வளவுதான்."

"வாய் மட்டும் அப்படியே பெரியப்பா வாயி, ராடன்," என்றாள் சுகார்ஸி.

உறை அசல்; கை பட்டுப் பட்டு மெருகேறிய சந்தனக் கட்டை. கத்தியை உருவி நெற்றியில் தொட்டுக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டு விளிம்பும் அரித்துத் தேய்ந்திருந்தன. பழசுதான் என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன்.

ஆனால் கை ஒப்பவில்லை. பழைய இரும்பை மடித்து மடித்து அடித்தே எடை குறைந்திருக்கும்; இதுவோ கனத்தது. நகத்தால் சுண்டினேன். கணீரென்று வரவேண்டிய ஓசை செத்து விழுந்தது. கைப்பிடியைக் கழற்றினேன். உள்ளே மறைந்திருந்த இரும்பில் தேய்மானமே இல்லை.

"இத எப்பெப்பக் கழுவுவீங்கம்மா?"

"மாசா மாசம். எலுமிச்சம்பழம் தேச்சுக் குளிப்பாட்டிப் பூ வைப்பேன். அவரு வர்றதே அபூர்வம். இதுதானே வீட்டுல இருந்துச்சு?"

வருடத்துக்கு ஒருமுறை, ஜாவா வருடப்பிறப்பு வரும் சுரோ மாதத்தில் கழுவினால் போதும். எலுமிச்சை இரும்பைத் தின்னும். இது தெரியாமல் ஒருத்தி வாழ்நாளெல்லாம் தேய்த்திருக்கிறாள். பொய் சொல்லிவிடலாமா என்றுகூட இருந்தது. சொன்னால் ஹர்தோனோ இன்னொருவனிடம் காட்டுவார். அவன் சிரித்துக்கொண்டே சொல்வான்.

"கல்யாணத்தப்பவே இது புதுக் கத்தி," என்றேன். "பழைய உறையில சந்தைக் கத்தியப் போட்டு அனுப்பியிருக்காங்க. இந்தத் தேய்மானம் அம்மா கழுவிக் கழுவி வந்தது."

"அப்ப முடிஞ்சுது," என்றார் ஹர்தோனோ.

"கத்திதான் பொய், ராடன். இத்தன வருஷம் கழுவுன கை பொய்யில்லையே?" என்றேன்.

"நான் கேட்டது கத்தியப் பத்தி மட்டும்." குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

வினார்த்தி உடைந்து அழுதாள். "இந்தச் சனியன நீங்களே வச்சுக்குங்கய்யா. இனிமே இது எங்க வீட்டு வாசப்படி ஏறக்கூடாது."

சுகார்ஸி என் கையிலிருந்து கத்தியை வாங்கினாள். முந்தானையால் துடைத்து, நிதானமாக உறையில் போட்டாள்.

"அறிவிருக்காடி ஒனக்கு? ஏமாத்திட்டாருன்னு புருஷன யாராவது கடையில விட்டுட்டுப் போவாங்களா?"